செல்போனில் பேய் பிடிக்கச் சில குறிப்புகள்

சித்திரை பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் பத்து மணிக்கே வெயில் ஆளை வீட்டுக்குள் துரத்திவிடும். பள்ளிக்கூடமும் இல்லை. பிள்ளைகள் போனில் பேய்ப்படம் பார்த்துவிட்டு, ராத்திரி கொல்லைப் பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடுவார்கள். பார்ப்பதற்குப் பதில் ஒரு பேய்ப்படத்தை அவர்களே எடுக்கட்டும். சினிமா நம் ஊருக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935-ல் சேலம் ஏற்காடு அடிவாரச் சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. இன்றைக்கு அங்கே நிற்பது முகப்பு வளைவு மட்டும்தான். பேய்ப்படத்துக்குப் பேர்போன கம்பெனி இல்லை அது. மர்மம், மாறுவேடம், வில்லன் இவைதான் அதன் கைச்சரக்கு. ஆனாலும் கேமராவை எங்கே வைத்தால் கொட்டகையில் இருப்பவன் பெஞ்சு நுனிக்கு வருவான் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

பேய்க்கு மாவு பூசுவதற்கு ஆகிற நேரத்தில் பாதியையாவது போனை எங்கே வைப்பது என்று யோசிக்கச் செலவழியுங்கள். நாம் காட்டாமல் விட்டதைப் பார்க்கிறவர் தானாகவே நிரப்பிக்கொள்வார். நம் மேக்கப்பைவிட அது பலமடங்கு நன்றாக இருக்கும்.

1. எடுக்கும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பேய் வருகிற நேரத்தில்தான் சித்தப்பா கூப்பிடுவார். லென்ஸைப் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்டிருந்தால் விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி தெரியும். போனைப் படுக்கை வாக்கில்தான் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் பக்கவாட்டில் இடமே இருக்காது, இடம் இல்லையென்றால் பேய் எங்கிருந்து வரும்?

2. நடுராத்திரிக் காட்சியை நடுராத்திரியில் எடுக்காதீர்கள். சாதாரணப் போன் இருட்டில் புள்ளி புள்ளியாகத்தான் காட்டும். மாலை ஆறரை மணிக்கு, கருக்கலில் எடுங்கள். திரையில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை விரலால் கீழே இழுத்துக் குறையுங்கள். அந்தக் காலத்தில் பகலிலேயே ஃபில்டர் போட்டு ராத்திரி ஆக்கினார்கள், அதே வேலைதான் இது. ஃபிரேமுக்குள் வானம் மட்டும் வரக் கூடாது. வானம் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

3. டியூப் லைட்டை அணையுங்கள். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து, பக்கவாட்டில், முடிந்தால் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். முகத்தில் பாதி தெரிந்தால் போதும். 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ பேய்ப்படம் அல்ல, கொலைக் கதை, பாட்டே கிடையாது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல்தான் அதில் பாதி வேலையைச் செய்கிறது. இன்னொரு வழி டார்ச். 2012-ல் வந்த ‘பீட்சா’வில் விஜய் சேதுபதி டார்ச்சோடு பங்களாவுக்குள் நடக்கிற நேரம் முழுக்க, அந்த வெளிச்ச வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்றுதான் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். டார்ச்சை நடிக்கிறவர் கையிலேயே கொடுங்கள், செலவும் மிச்சம்.

4. எல்லாவற்றிலும் சுலபமானதும் பலமானதும் இது. நடிக்கிறவரை ஃபிரேமின் ஒரு ஓரத்தில் உட்கார வையுங்கள். அவருக்குப் பின்னால் அடுத்த அறையின் கதவு திறந்திருக்கட்டும், உள்ளே இருட்டு. அவர் பாட்டுக்கு வெங்காயம் உரிக்கட்டும். பத்து விநாடி ஒன்றுமே நடக்க வேண்டாம். பார்க்கிறவரின் கண் வெங்காயத்தை விட்டுவிட்டு அந்தக் கதவுக்குப் போய்விடும். காலியாக விட்ட இடம் நிரம்பியே தீரும் என்று சினிமா பார்த்துப் பழகிய எல்லோருக்கும் தெரியும். அங்கே கடைசிவரை யாரும் வராமல் விட்டுவிட்டு, அடுத்த ஷாட்டில் வெங்காயத் தட்டு மட்டும் இருக்கட்டும், உரித்தவரைக் காணோம். நடுவில் உட்காரவைத்து எடுத்தால் இதில் ஒன்றும் கிடைக்காது, அது ரேஷன் கார்டு போட்டோதான்.

5. நீளமான திண்ணையோ நடையோ உள்ள வீடா? கொடுத்துவைத்தவர்கள். போனை ஒரு கோடியில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுத் தொடாதீர்கள். 1990-ல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட் 3’-ல் ஆஸ்பத்திரி வராந்தாக் காட்சி ஒன்று உண்டு. கேமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது. நர்ஸ் அறைகளுக்குள் போகிறார், வருகிறார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. நாம் அலுத்துப்போகிற நேரம் பார்த்து அவர் பின்னாலேயே வெள்ளைத் துணி போர்த்திய உருவம் ஒன்று வெளியே வருகிறது. கேமரா கிட்டே போகாததால்தான் அந்தப் பயம். நம்மால் ஓடிப்போய்த் தடுக்க முடியாத தூரம் அது. ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற அமெரிக்கப் படத்தைச் சுமார் 15,000 டாலரில் முடித்தார்கள் என்றால், அதற்கும் படுக்கையறையில் நிறுத்திவைத்த ஒரே கேமராதான் துணை.

6. பீரோ. தமிழ்நாட்டில் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ இல்லாத வீடு அரிது. அதன் கதவு திறக்கும்போது கண்ணாடியும் கூடவே திரும்பும், அறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும். இதைவிட நல்ல டிராலி விலைக்குக் கிடைக்காது. போனை பீரோவுக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள், நேரே வைத்தால் போனும் நீங்களும்தான் கண்ணாடியில் தெரிவீர்கள். நடிக்கிறவர் புடவையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார். கண்ணாடியில் முதலில் ஜன்னல் போகும், பிறகு கட்டில், பிறகு சுவர் மூலை. அந்த மூலையில் ஆளை நிறுத்துங்கள். கதவு நகர்வதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பிம்பம் ஓடும் என்பதால் கதவை மிக மெதுவாகத் தள்ள வேண்டும். மூலையில் நிற்கிற ஆள் கண்ணாடியில் அரை விநாடிக்கு மேல் தெரிந்தால் அவர் பக்கத்து வீட்டுப் பையன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பீரோக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள், அந்தச் சத்தம் இலவசம்.

7. லோ ஆங்கிளுக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். சேலம் வெண்ணங்குடி முனியப்பன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். உருட்டி விழிக்கிற கண்ணும் முறுக்கு மீசையுமாக அவர் மேலே இருக்க, நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம். தப்பு செய்யாதவனுக்கும் கொஞ்சம் தொண்டை வறளும். நாமக்கல் ஆஞ்சநேயரையும் அண்ணாந்துதான் பார்க்கிறோம், 18 அடி உயரம். ஆனால் அங்கே கூரை கிடையாது, வெளிச்சம் மேலிருந்து விழுகிறது, பயம் வருவதில்லை. ஆகவே போனைத் தரையில் வைத்தால் மட்டும் போதாது, வெளிச்சமும் கீழேயிருந்து மோவாயில் பட வேண்டும்.

8. உயரத்தைக் காட்ட யாரையும் மொட்டைமாடி விளிம்பில் நிறுத்தாதீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் (1950) மனைவியைத் தள்ளிவிட மலை உச்சிக்குக் கூட்டிப்போவான் வில்லன், சாகுமுன் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அவள் அவனைத் தள்ளிவிடுவாள். அந்த மாதிரிக் காட்சி வேண்டுமானால் ஆளைத் தரையிலேயே நிறுத்தி, போனை அவர் கால் விரலுக்குக் கிட்டே வைத்து மேல்நோக்கி எடுங்கள். பின்னால் வானம் தவிர எதுவும் தெரியக் கூடாது. பாதாளம் தானாக வந்துவிடும்.

9. கிணற்றுப் பக்கம் போகவே போகாதீர்கள். நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பகலிலேயே ஆபத்தானவை, பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. ஜப்பான் ‘ரிங்’ படத்துப் பேய்போல ஒன்று கிணற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், கல்யாணத்துக்கு எடுக்கிற பெரிய அண்டாவை இறக்குங்கள். அடியில் ஒரு துணி விரித்து, போனின் லென்ஸ் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள், 0.5 அகல லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டு மூன்று முகங்கள் விளிம்பில் எட்டிப் பார்க்கட்டும். வட்டமான வானம், அதற்குள் சின்னத் தலைகள். கிணற்றுக்கு உள்ளே இருப்பது எதுவோ அது இவர்களைப் பார்க்கிறது. அண்டாவுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிரொலியும் கிடைக்கும், அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

10. டாப் ஆங்கிள் ஆளைச் சிறிதாக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒளித்து வைக்கவும் அது உதவும். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) துப்பறிகிறவர் மாடிப்படியில் தாக்கப்படும்போது கேமரா உச்சிக்குப் போய்விடும், தாக்குகிற ‘அம்மா’வின் முகம் தெரியக் கூடாது என்பதற்காக. உங்கள் பேய்க்கு முகம் சரியாக அமையவில்லையென்றால் மாடிப்படிக் கைப்பிடிக்கு மேலிருந்து எடுத்துவிடுங்கள். போனில் ஒரு கயிறு கட்டிக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். மின்விசிறியில் கட்டித் தொங்கவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது.

11. யாரோ ஒளிந்து பார்ப்பதாகக் காட்ட, கேமராவே அந்த ஆளின் கண்ணாகிவிட வேண்டும். அப்போது உயரத்தை முதலில் தீர்மானியுங்கள். ‘ஹாலோவீன்’ (1978) அப்படித்தான் தொடங்குகிறது: யாரோ வீட்டைச் சுற்றி வருகிறார்கள், கத்தியை எடுக்கிறார்கள், மாடி ஏறுகிறார்கள். முடிவில் பார்த்தால் ஆறு வயதுப் பையன். இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்தால் குழந்தை பார்க்கிறது, தரையை ஒட்டிப் பிடித்தால் ஏதோ ஊர்கிறது. ஜன்னல் கம்பிக்கோ கொடியில் காய்கிற சேலைக்கோ பின்னாலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. ‘ஜாஸ்’ (1975) சுறா ஒரு மணி நேரத்துக்கு மேல் முழுசாகக் கண்ணில் படாது. இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் செய்ததால், தண்ணீருக்கு அடியிலிருந்து அது பார்க்கிற பார்வையைக் காட்டியே ஸ்பீல்பெர்க் ஒப்பேற்றினார். அதுதான் படத்தைக் காப்பாற்றியது.

12. நகர்கிற ஷாட்டுக்கு: சிவப்பு சிமெண்ட் தரையில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் செங்கல், செங்கல்லில் போனைச் சாய்த்துக் கட்டி மெதுவாக இழுங்கள். ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் பையன் மூன்று சக்கர சைக்கிளில் ஓட்டல் வராந்தாக்களில் சுற்றும்போது கேரட் பிரவுன் இயக்கிய, நடந்தாலும் ஆடாத ஸ்டெடிகேம் கேமரா தரையை ஒட்டியே பின்னால் வரும். சக்கரம் கம்பளத்தில் ஏறினால் சத்தம் அடங்கும், மரத்தரையில் இறங்கினால் கடகடக்கும். நம் வீட்டில் பாயும் தரையும் அதே வேலையைச் செய்யும். ஓட்டம் வேண்டுமென்றால் ‘ஈவில் டெட்’ காரர்கள் செய்ததைச் செய்யலாம்: நீளமான பலகையின் நடுவில் கேமராவைக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள்.

13. போனுக்கு அடியில் தீப்பெட்டி வைத்துச் சாய்த்து எடுக்கிற சாய்ந்த ஆங்கிளை ஒரு படத்தில் ஒரு தரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அப்புறம் தலைதான் வலிக்கும்.

14. பேய்க்குக் கால் கிடையாது என்பது நம் ஊர் நம்பிக்கை. அதனாலேயே முழங்காலுக்குக் கீழே மட்டும் காட்டுகிற ஷாட் இங்கே நன்றாக வேலை செய்யும். கால்களைக் காட்டுவதில் பிரியமுள்ளவர் இயக்குநர் மிஷ்கின். அவருடைய படங்களில் முகம் சொல்லாததைப் பாதம் சொல்லும். இங்கே கொலுசுக்கும் பஞ்சமில்லை, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது வீட்டுக்கு ஒரு ஜோடியாவது இருக்கும். மணி நிறைய உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் காட்டாமலும் செய்யலாம்: முதலில் காலியான நடை, சத்தம் மட்டும். சத்தம் கிட்டே வருகிறது, கேமரா அசையவில்லை. சத்தம் கேமராவைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது, ஃபிரேமில் யாரும் வரவேயில்லை. ஒத்திகையின்போது உள் அறையிலிருந்து ஆயா, “ஏங்கண்ணு, இந்நேரத்துல யாரு கொலுசு கட்டிக்கிட்டு நடக்கறது?” என்று கேட்டால், அந்தக் குரலையும் படத்தில் சேர்த்துவிடலாம். தறி ஓடுகிற தெருவாக இருந்தால் சத்தங்களைத் தறி நிற்கிற நாளில் தனியாகப் பதிவு செய்து ஒட்டுங்கள்.

15. குளோசப்பில் பல்லைக் காட்டிக் கத்த வேண்டியதில்லை. கொல்லிமலையில் ஒரு பாவை உண்டு, சங்கப் பாட்டுகளிலேயே பேர் வாங்கியது. சிரித்தே ஆளை மயக்கிக் கொல்லும் என்பது அதன் கதை. நம் முன்னோர் கோரைப் பல்லை விட்டுவிட்டுச் சிரிப்பைப் பிடித்தார்கள் பாருங்கள். நடிக்கிற பெண்ணைக் கண் இமைக்காமல் லேசாகச் சிரிக்கச் சொல்லி, அவர் முடிக்க நினைக்கிற நேரத்துக்குப் பிறகும் ஐந்து விநாடி விடுங்கள். சிரிப்பு உதட்டில் நிற்கும், கண்ணிலிருந்து போய்விடும். அந்த ஐந்து விநாடியை மட்டும் வெட்டி எடுங்கள்.

16. ஒரே ஆள் இரண்டு இடத்தில் தெரிய: பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட ‘உத்தம புத்திரன்’ 1940-ல் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்தது. அந்தக் காலத்தில் லென்ஸில் பாதியை மறைத்து ஒரு தரம், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு தரம் எடுக்கிற வழக்கம் இருந்தது. நமக்கு எடிட்டிங் ஆப் போதும். போனை அசையாமல் கட்டிவைத்து, கட்டிலில் தூங்குகிறவராக ஒரு தரமும் கட்டில் ஓரத்தில் நின்று தன்னையே பார்க்கிறவராக ஒரு தரமும் எடுத்து ஒட்டுங்கள். இரண்டு தரமும் விளக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். இதை ஸ்லோ மோஷனில் எடுக்காதீர்கள். எல்இடி பல்பு படபடவென்று அடித்து நாசமாக்கும்.

17. திடீர்ச் சத்தம் ஒரு படத்துக்கு ஒன்று. ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் ஒரு பெண் ஆளில்லாத தெருவில் நடக்கிறாள், பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது, என்னவோ பாயப் போகிறது என்னும்போது உஸ்ஸென்று வந்து நிற்பது ஒரு பஸ். எண்பது வருடமாக எல்லோரும் அதைத்தான் காப்பி அடிக்கிறார்கள், பஸ்ஸுக்குப் பதில் பூனையைத் தூக்கிப் போட்டு. பூனை பாவம். அடுப்படியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் விழட்டும்.

18. கோழிப்பண்ணை இருக்கிற வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுவதால், இருட்டுகிற நேரத்தில் தூரத்தில் நின்று பார்த்தால் வயலுக்கு நடுவே நீளமான மஞ்சள் வரிசைகள் மிதக்கும். லாங் ஷாட்டுக்கு அருமையான இடம். தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போய் பிளாஷ் அடித்தாலோ கூச்சல் போட்டாலோ கோழிகள் மிரளும், முட்டை குறையும். தரையில் விட்டு வளர்க்கிற பண்ணையென்றால் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துவிடும். வெளியாள் காலோடு நோயும் உள்ளே வரும்.

19. வெள்ளைச் சேலையோடு ரோட்டுப் பக்கம் எடுக்காதீர்கள். லாரிக்காரர் பிரேக் அடித்தால் நிலைமை வேறு. தோட்டத்தில் எடுப்பதாக இருந்தால் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தடியோடு வருவார்கள். நெஞ்சுவலிக்காரர்களை வைத்து ‘டெஸ்ட்’ பார்க்க வேண்டாம்.

20. சின்னதுகள் பயந்துபோனால் திட்டாமல், அதே காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். பிறகு அண்டா, சாக்கு, பீரோ எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே ஒரு தரம் இயக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பயத்துக்கு இதைவிட நல்ல மந்திரிப்பு எனக்குத் தெரியாது.

21. ரத்தம் குறைவாக இருக்கட்டும். ‘ஈரம்’ (2009) படத்தில் ஒளிப்பதிவாளர் மனோஜ் பரமஹம்சா நிறங்களையெல்லாம் அடக்கிவிட்டுச் சிவப்பை மட்டும் அங்கங்கே எட்டிப் பார்க்க வைத்தார், மழையும் ஈரமும்தான் மீதிப் பயம். ‘சைக்கோ’வில் ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு, கறுப்பு வெள்ளையில் எது ஓடினாலும் ரத்தம்தான். போனிலும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் புளிக்கரைசலே போதும். கலரில்தான் வேண்டுமென்றால் ஆரத்திக்குக் கரைக்கிற மஞ்சள், சுண்ணாம்புத் தண்ணீர் இருக்கிறது. அதைத் தரையிலும் துணியிலும் மட்டும் ஊற்றுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, முகத்துக்கு பீட்ரூட் சாறு போதும். சேலை அம்மாவுடையது என்றால் அன்றைக்கே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சோப்புப் போட்டதும் கறை இன்னும் சிவக்கும், சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சளாகும், ஈரத்தோடு வெயிலில் விரித்தால் மெல்ல வெளுக்கும். ஒரு வெயிலில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள்.